சிங்கப்பூர் வானத்தில் துருவ நட்சத்திரம் எங்கே?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகள் ஜூன் விடுமுறைக்குத் தஞ்சாவூர் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தபோது, அவளுடைய தாத்தா மொட்டை மாடியில் நின்று சப்தரிஷி மண்டலத்தைக் காட்டி, அதன் முனையிலுள்ள இரண்டு நட்சத்திரங்களை இணைக்கும் கோட்டை நீட்டினால் துருவ நட்சத்திரத்தைப் பிடித்துவிடலாம் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். திரும்பி வந்ததிலிருந்து எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் நடைபாதையில், அது வடக்குப் பார்த்தது என்பதால், அதே நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள். துருவ நட்சத்திரம் மட்டுமல்ல, மொத்த வானத்திலும் நாலைந்து புள்ளிகளுக்கு மேல் எதுவும் தென்படவில்லை.

அலுவலகத்தில் ஒரு நண்பர், நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் இங்கே நட்சத்திரங்கள் குறைவு என்று உறுதியாகச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை; ஆனால் மறுத்துப் பேச எனக்கு விவரம் போதவில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும். நாம் பார்க்கும் புள்ளிகள் எல்லாமே நம்முடைய பால்வீதியைச் சேர்ந்தவைதானா என்பதும், ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தால் இந்த ஊரில் அதற்கு ஏதாவது பயன் உண்டா என்பதும் அவள் சார்பாக நான் கேட்கும் கூடுதல் கேள்விகள்.


தொடுவானம் எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னது தலைகீழ். பூமியில் எந்த இடத்தில் நின்றால் வானத்தின் மிகப் பெரும்பகுதியை ஓர் ஆண்டுக்குள் பார்க்கலாம் என்று கேட்டால், நிலநடுக்கோடு என்பதுதான் விடை. அந்த வகையில் சிங்கப்பூர் உலகின் பேறுபெற்ற ஊர்களில் ஒன்று. அந்தப் பேற்றை நம் தெருவிளக்குகள் விழுங்கிவிட்டன என்பது வேறு கதை.

முதலில் துருவ நட்சத்திரம். பூமி சுழலும் அச்சை வடக்கே நீட்டினால் அது சுட்டும் புள்ளிக்கு மிக அருகில் அந்த நட்சத்திரம் இருக்கிறது. ஆகவே வட துருவத்தில் நிற்பவருக்கு அது நேர் உச்சியிலும், நிலநடுக்கோட்டில் நிற்பவருக்குத் தொடுவானத்தின் மீதும் அமையும். இடையிலுள்ள ஊர்களுக்கு, அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை உயரத்தில் அது நிற்கும். தஞ்சாவூர் ஏறத்தாழ 11 பாகை வடக்கில் உள்ளதால் தாத்தாவால் அதைத் தாழ்வாகவேனும் காட்ட முடிந்தது. சிங்கப்பூரோ 1.35 பாகை வடக்கில்தான் இருக்கிறது. துருவ நட்சத்திரம் உண்மையான துருவப் புள்ளியிலிருந்து முக்கால் பாகைக்கும் சற்றுக் குறைவாக விலகியிருப்பதால், இங்கே அதன் உயரம் ஒரு பாகைக்கும் குறைவிலிருந்து இரண்டு பாகை வரை நாள்தோறும் ஏறி இறங்குகிறது. முழுநிலவின் அகலமே அரைப் பாகை என்பதை நினைத்துப் பார்த்தால், எதிர் புளோக்கின் தரைத்தளமே அதை மறைத்துவிடும் என்பது விளங்கும். தடையே இல்லாத கடற்கரையில் நின்றாலும் பயனில்லை. தொடுவானத்தை ஒட்டி வரும் ஒளி, உச்சியிலிருந்து வரும் ஒளியைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் தடித்த காற்றைக் கடந்து வரவேண்டும் என்பதால், இரண்டாம் ஒளித்தரத்திலுள்ள (ஒளித்தர எண் கூடக்கூட நட்சத்திரம் மங்கலானது) அந்த நட்சத்திரம் வழியிலேயே மங்கி மறைந்துவிடும்.

ஆனால் மகளுக்குத் துருவத்தைவிட அருமையான ஒன்றை நீங்கள் காட்ட முடியும். மே மாத இறுதியில் இரவு 9 மணிக்கு, அல்லது ஜூன் நடுப்பகுதியில் இரவு 8 மணிக்கு, வடக்கும் தெற்கும் திறந்திருக்கும் ஓரிடத்தில் நில்லுங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் தொடுவானத்திலிருந்து 30 முதல் 40 பாகை உயரத்தில் இருக்கும். அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தால் ஏறக்குறைய அதே உயரத்தில், 25 முதல் 31 பாகைக்குள், தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். சிலுவைக்கு இடப்புறம், அதாவது கிழக்கே, பிரகாசமான இரண்டு நட்சத்திரங்கள் சேர்ந்து தெரியும். அவற்றில் சிலுவையிலிருந்து தொலைவாக இருப்பது ஆல்ஃபா சென்டாரி. சூரியனை விட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் நமக்கு மிக அருகிலிருப்பது அதுதான்: தொலைவு ஏறத்தாழ 4.4 ஒளியாண்டு. உச்சிக்குச் சற்றுத் தெற்கே சித்திரையும், வடகிழக்கே உயரத்தில் இளஞ்செம்மஞ்சள் நிறத்தில் சுவாதியும் இருக்கும். வட துருவத்தைச் சுற்றும் கூட்டத்தையும் தென் துருவத்தைச் சுற்றும் கூட்டத்தையும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் பார்ப்பது லண்டன்வாசிக்கும் வாய்க்காது, மெல்பர்ன்வாசிக்கும் வாய்க்காது. தஞ்சாவூரிலும் தென்சிலுவை தெரியும், ஆனால் அங்கே அது இன்னும் பத்துப் பாகை தாழ்ந்து கிடக்கும்.

அதேபோல் பிப்ரவரி நடுப்பகுதியில் இரவு 9 மணிக்கு ஓரியன் மண்டலம் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதன் இடைவார்போல் தெரியும் மூன்று நட்சத்திரங்களும் வான நடுக்கோட்டை, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் கோட்டை, ஒட்டியே அமைந்திருப்பதால், இங்கே அவை நேர்கிழக்கில் எழுந்து, நம் தலைக்கு மேலாகச் சென்று, நேர்மேற்கில் மறையும். அவற்றின் வடக்கே சிவந்து தெரிவது திருவாதிரை. கொஞ்ச நேரம் பொறுத்துத் தெற்கே பார்த்தால் அகத்திய நட்சத்திரம் 36 பாகை உயரத்தில் இருக்கும். வானத்தின் பிரகாசமான நட்சத்திரங்களில் சிரியசுக்கு அடுத்த இடம் அதற்குத்தான்.

இனி ஏன் நாலைந்து புள்ளிகள் மட்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். இருண்ட ஊரில் நல்ல கண்ணுக்கு ஒரே நேரத்தில் சில ஆயிரம் நட்சத்திரங்கள் தெரியும். அவற்றில் மிகப் பெரும்பாலானவை மங்கலானவை. இரண்டாம் ஒளித்தரத்தைவிடப் பிரகாசமானவை என்று எண்ணினால் முழு வானத்திலும் ஐம்பது அளவுக்குத்தான் தேறும், அதிலும் பாதி எப்போதும் நம் காலடிக்குக் கீழே இருக்கும். நகரின் வெளிச்சம் ஈரப்பதமும் தூசும் நிறைந்த காற்றில் பட்டுச் சிதறி வானத்தையே ஒளிரச் செய்வதால், மங்கலான ஆயிரங்கள் அந்தப் பின்னணியில் கரைந்துவிடுகின்றன. 2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூர் முதலிடத்தில் வைக்கப்பட்டது. நம் மக்கள் அனைவரும் வாழும் இரவு, கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத அளவுக்கு வெளிச்சமானது என்று அந்த ஆய்வு கூறியது. ஆகவே குறை இடத்தில் இல்லை, விளக்கில் இருக்கிறது. உண்மையான இருளைப் பார்க்க வேண்டுமென்றால், நிலவில்லாத ஒரு வார இறுதியில் ஜோகூரின் கிழக்குக் கரையில் மெர்சிங் பக்கம் போய்வருவதே என் யோசனை.


காலாங் நதி எழுதியது:

மேலே எழுதியவரின் கருத்துடன் பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் சிறு பிள்ளைக்கு மெர்சிங்கை முதல் படியாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, முகம் தெரியாத இருளில், ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒரே நேரத்தில் பார்க்கும் குழந்தைக்கு எதை எங்கே தேடுவது என்றே தெரியாது. பிரகாசமானவை மட்டும் மிஞ்சியிருக்கும் நகர வானம் பழகுவதற்கு எளிது என்பது என் கட்சி. சப்தரிஷியில் ஏழில் ஆறு இங்கேயே தெரிந்துவிடும். கைப்பிடியும் கிண்ணமும் சேருமிடத்திலுள்ள ஏழாவதுதான் மங்கலானது. தென்சிலுவையிலும் நான்கில் மூன்று எளிதில் அகப்படும்.

நடைபாதை விளக்கு கண்ணில் படாதபடி ஒரு தூணின் மறைவில் பத்துப் பதினைந்து நிமிடம் நின்றாலே எண்ணிக்கை கூடுவதைக் காண்பீர்கள். கைப்பேசியைப் பார்த்தால் கண் இருட்டுக்குப் பழகியது கெட்டுவிடும். இதை அப்பாவும் கடைப்பிடிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களில் மேகம் பாடாய்ப் படுத்தும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

தொலைநோக்கி வாங்க அவசரப்பட வேண்டாம். பெட்டியின்மேல் பெரிய உருப்பெருக்க எண்ணைப் போட்டு விற்கும் மலிவான கருவிகள் ஆடும் முக்காலியோடு வருவதால், பிள்ளைகளின் ஆர்வத்தைக் கெடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை என்று நான் சொல்வதுண்டு. எட்டு அல்லது பத்து மடங்கு உருப்பெருக்கும் ஒரு பைனாகுலரை வாங்கிக் கொடுங்கள். நிலவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டத்தின் பல நட்சத்திரங்கள், 1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு துணைக்கோள்கள் எல்லாம் கையை அசையாமல் சுவரில் ஊன்றிக்கொண்டால் நம் வீவக வீட்டிலிருந்தே தெரியும். சனியின் வளையத்துக்குத்தான் தொலைநோக்கி தேவை. அதற்கு ஜூரோங் ஈஸ்ட்டிலுள்ள அறிவியல் நிலையத்தின் வானாய்வகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்குக் காட்டுவது அங்கே வழக்கம். கிளம்புமுன் அந்த வாரம் உண்டா என்று இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.


செங்காங்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. தொடுவானம் அவர்கள் எழுதியதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். நிலநடுக்கோடு என்றால் எல்லா நட்சத்திரங்களும் தெரிய வேண்டியதுதானே, பிறகு ஏன் ஓரியனுக்கு பிப்ரவரி, சிலுவைக்கு ஜூன் என்று காலம் பார்க்க வேண்டும் என்று கேட்கிறாள். வீட்டில் என் தாயார் குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி பார்ப்பவர். அந்தக் குருவும் பைனாகுலரில் தெரியும் வியாழனும் ஒன்றா என்பது அவருடைய கேள்வி. பால்வீதி பற்றிய கேள்விக்கும் யாராவது விடை சொன்னால் மகிழ்வேன்.


உட்லண்ட்ஸ் ஆசிரியர் எழுதியது:

தங்கள் தாயாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் நல்ல வானியல் இருக்கிறது. ஆம், இரண்டும் ஒன்றுதான். வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர 11.86 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. சூரியன் செல்லும் வான்பாதையைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்திருப்பதால், ஒரு ராசியைக் கடக்க அதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. குருப்பெயர்ச்சி ஆண்டுதோறும் வருவது இதனால்தான். சனி ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29.5 ஆண்டுகள் எடுப்பதால், பன்னிரண்டால் வகுத்தால் வரும் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை சனிப்பெயர்ச்சி. பலன்களைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் இந்தக் கால அளவுகள், தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் தலைமுறை தலைமுறையாகக் கவனித்துக் கணித்தவை. வானத்தில் அவற்றை அடையாளம் காண்பது கடினமல்ல. நட்சத்திரங்கள் எவ்வளவு பெரியவை ஆனாலும் தொலைவு காரணமாக வெறும் புள்ளிகளாகவே தெரிவதால் காற்றின் அசைவில் மினுக்குகின்றன. கோள்கள் அருகிலிருப்பதால் சிறு வட்டாகத் தெரிகின்றன, மினுக்கம் அடங்கிவிடுகிறது. சுக்கிரன் சூரியனைவிட்டு 47 பாகைக்கு மேல் விலகாது. ஆகவே மேற்கில் மாலையிலோ கிழக்கில் விடியலிலோ மட்டுமே அதைத் தேட வேண்டும்.

மகளின் கேள்வி கூர்மையானது. எல்லா நட்சத்திரங்களும் தெரியும் என்பது ஓர் ஆண்டுக்குள் தெரியும் என்ற பொருளில்தான். பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு நட்சத்திரமும் முந்தைய நாளைவிட ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக எழுகிறது. மாதத்துக்கு இரண்டு மணி நேரம். ஓரியன் ஜூன் மாதத்திலும் வானத்தில்தான் இருக்கிறது, ஆனால் பகலில், சூரியனுக்கு அருகில். மே மாத இறுதியில் 9 மணி என்பதும் ஜூன் நடுவில் 8 மணி என்பதும் இந்தக் கணக்குத்தான்.

பால்வீதியைப் புரிந்துகொள்ள முதலில் தொலைவின் அளவு மனத்தில் பதிய வேண்டும். நான் வகுப்பில் சொல்லும் கணக்கு இது. சூரியனைச் சீனப் புத்தாண்டுக்கு விற்கும் ஒரு பம்ளிமாஸ் பழமாக, 14 சென்டிமீட்டர் அகலத்தில், உங்கள் புளோக்கின் கீழே வையுங்கள். பூமி 15 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கடுகு. வியாழன் 78 மீட்டர் தொலைவில் ஒரு கோலிக்குண்டு. கடைசிக் கோளான நெப்டியூன் ஏறத்தாழ 450 மீட்டரில், செங்காங்கை விட்டு வெளியேறாமலேயே இருக்கும். அடுத்த பம்ளிமாஸ், அதாவது ஆல்ஃபா சென்டாரி, ஏறத்தாழ 4,100 கிலோமீட்டர் தள்ளி, டெல்லியில்தான் கிடைக்கும். இடையில் ஏதுமில்லையா என்று மாணவர்கள் கேட்பார்கள். சிறு பனிப்பாறைகளும் மங்கலான ஒரு செங்குறு நட்சத்திரமும் தவிரச் சொல்லும்படியாக ஏதுமில்லை. பிராக்சிமா எனப்படும் அந்தச் செங்குறு நட்சத்திரம் 4.24 ஒளியாண்டில் இன்னும் சற்று அருகில் இருக்கிறது, ஆனால் வெறுங்கண்ணுக்கு எட்டாது.

இப்படிச் சிதறிக் கிடக்கும் நூறு பில்லியனுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் ஒளியாண்டு அகலமுள்ள தட்டையான ஒரு வட்டில் சேர்ந்திருப்பதே பால்வீதி. அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் நாம் இருக்கிறோம். சூரியன் நம்மையும் இழுத்துக்கொண்டு மையத்தை ஒருமுறை சுற்றிவர 22 கோடி ஆண்டுகளுக்கு மேலாகும். வெறுங்கண்ணால் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரங்கள் அனைத்தும் இந்தப் பால்வீதியைச் சேர்ந்தவைதாம், அதிலும் பெரும்பாலானவை நம் அக்கம்பக்கத்தவை. சிரியஸ் 8.6 ஒளியாண்டு, அகத்தியம் ஏறத்தாழ 310, கார்த்திகைக் கூட்டம் ஏறத்தாழ 440. ஓர் இலட்சத்தோடு ஒப்பிட்டால் இவை எல்லாம் ஒரே வட்டாரம். இருண்ட ஊரில் வானத்தின் குறுக்கே வெண்மையாக ஓடும் பட்டைதான், வட்டின் தொலைவான நட்சத்திரங்கள் தனித்துப் பிரியாமல் கலந்து தெரியும் தோற்றம். அதன் மையம் தனுசு ராசியின் திசையில் இருக்கிறது. சிங்கப்பூரில் அது 60 பாகை உயரம் வரை ஏறும். வெளிச்சம் மட்டும் இல்லையென்றால் ஆகஸ்ட் மாத முன்னிரவுகளில் அது நம் தலைக்கு மேல் எவ்வளவு சிறப்பாக அமையும் என்பதை நினைத்தால் எனக்கே ஆற்றாமையாக இருக்கும்.

பால்வீதிக்கு அப்பால் வெறுங்கண்ணுக்கு எட்டும் பேரடைகள், அதாவது பால்வீதியைப் போன்ற வேறு நட்சத்திரத் தொகுதிகள், மிகச் சில. வடக்கே ஆண்ட்ரோமெடா, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில். தெற்கே பெரிய மெகல்லன் மேகம் ஏறத்தாழ 1,60,000 ஒளியாண்டிலும் சிறியது ஏறத்தாழ 2,00,000 ஒளியாண்டிலும். இவை அனைத்தும் நம் தொடுவானத்துக்கு மேலே வருவது மறுபடியும் நிலநடுக்கோட்டின் கொடை. நகருக்குள் அவற்றை எதிர்பார்க்க வேண்டாம். ஆண்ட்ரோமெடாவை மட்டும் நவம்பரில் மேகம் விலகிய இரவில் பைனாகுலரில் ஒரு மங்கிய திட்டாகப் பிடிக்க முயலலாம். அதைப் பார்க்க மெர்சிங் போவது நியாயமே. அங்கே காலாங் நதி அவர்களோடு எனக்குச் சற்று வேறுபாடு உண்டு.


பிறைநிலா எழுதியது:

இரவு வெளிச்சத்தைப் பற்றியே எல்லாரும் வருந்துவதால், பகலில் செய்யக்கூடிய ஒன்றைச் சேர்க்கிறேன். நாம் இருக்கும் இடத்தால் ஆண்டுக்கு இருமுறை, மார்ச் 23 அல்லது 24ஆம் தேதியிலும் செப்டம்பர் 19 அல்லது 20ஆம் தேதியிலும், சூரியன் மிகச் சரியாக உச்சியில் வருகிறது. அன்று நிமிர்த்தி நட்டிய குச்சிக்கு நிழல் விழாது. ஆனால் 12 மணிக்குப் பார்த்து ஏமாறாதீர்கள். 1982 ஜனவரி 1 முதல் நம் கடிகாரம் கிரீன்விச்சைவிட எட்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாம் இருக்கும் தீர்க்கரேகைக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் சற்று அதிகம். அதனால் மார்ச்சில் உச்சிப்பொழுது ஏறத்தாழ 1 மணி 11 நிமிடத்துக்கும், செப்டம்பரில் 1 மணிக்குச் சற்று முன்பும் வரும்.

துருவ நட்சத்திரத்தை அவ்வளவு தேடும் பிள்ளைக்கு இன்னொன்றும் சொல்லலாம்: அந்தப் பதவி நிரந்தரமானதல்ல. பூமியின் அச்சு ஏறத்தாழ 25,800 ஆண்டுகளில் ஒரு வட்டம் சுற்றிவருகிறது. எகிப்தில் பிரமிடுகள் எழுந்த காலத்தில் துபான் என்ற வேறொரு நட்சத்திரம் வட துருவத்துக்கு அருகில் இருந்தது. இன்னும் 12,000 ஆண்டுகள் கழித்து வேகா அந்தப் பக்கம் வரும். சித்திரை முதல் நாள் பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமஇரவு நாளுக்கு மூன்று வாரத்துக்கும் மேல் பிந்தி ஏப்ரல் 14இல் வருவதற்கும் இந்த அச்சின் நகர்வுதான் காரணம். நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நம் பஞ்சாங்கத்துக்கும், பருவங்களை வைத்துக் கணக்கிடும் ஆங்கில நாட்காட்டிக்கும் இடையே 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் விலகி, இப்போது அந்த இடைவெளி 24 பாகையாகியிருக்கிறது.


செங்காங்வாசி எழுதியது:

குச்சியை நட்டிப் பார்க்க எங்கள் புளோக்கின் திடலில் இடம் இருக்கிறது. பைனாகுலர் வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். எட்டு மடங்கா பத்து மடங்கா, பத்து வயதுக் கைகளுக்கு எது அதிகம் ஆடாது?


காலாங் நதி எழுதியது:

எட்டு. முகப்பு வில்லை 40 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் போதும். கழுத்தில் மாட்டிப் பார்த்து எடை பொருந்துகிறதா என்று கடையிலேயே சோதித்து வாங்குங்கள். சூரியனை அதன் வழியாக ஒருபோதும் பார்க்கக் கூடாது என்பதை, கையில் கொடுக்கும் முன்பே அவளிடம் சொல்லிவிடுங்கள்.